சின்னதாக வந்தால் நல்லது

தலைநகரின் மோதி பாக் குடியிருப்பில் ராமமூர்த்தியைப் போல் உண்மையே பேசி எரிச்சலூட்டியவர் வேறு யாருமில்லை. எதிர்வீட்டுக்காரன் நான் சொல்கிறேன். அவருக்கு நிலநடுக்கங்களைப் பதிவு செய்யும் ஆபீசில் வேலை. "பெரிசா வருமா சார்?" என்று கேட்டால், "வரும். எப்பன்னு எவனுக்கும் தெரியாது" என்பார். ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் வராது. ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் பெண்டாட்டியிடம்.

மெத்தையைச் சுவரோடு தள்ளினால் மடிந்து எழும்புமே, அப்படித்தான் இமயமலை எழுந்தது என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். நம் நிலம் இன்னும் வடக்கே முட்டிக்கொண்டுதான் இருக்கிறதாம். பாறையும் எவ்வளவு காலம் பொறுக்கும்? அழுத்தம் ஏறி ஏறி, ஒருநாள் பழைய விரிசல் வழியே சட்டென்று நழுவும். அதுதான் பூகம்பம்.

அவர் மனைவி தங்கம் மாமிக்கு ஃபேன் லேசாக ஆடினாலே போதும். செருப்பும் சாவியும் எப்போதும் வாசற்கதவருகே இருக்கும். மூன்று மாடி இறங்கி வந்து நிற்பார். பூகம்ப ஆபீஸ்காரர் வீட்டிலேயே இப்படியா என்று எல்லோரும் கேலி செய்தோம். நானும்தான். ஒருநாள் ராமமூர்த்தி பொறுமையிழந்து, "சின்னச் சின்னதா வந்தா நல்லதுடி. அழுத்தம் கொறைஞ்சுடும், பெரிசு வராது. போய்ப் படு" என்றுவிட்டார்.

பெரியதன் பலம் தீர இந்தச் சின்னது லட்சக்கணக்கில் வரவேண்டும். அது அவருக்குத் தெரியும், மாமிக்குத் தெரியாது. மகள் ஸ்ம்ருதி யமுனைக்கரை மணலில், கார் நிறுத்துவதற்காகக் கீழே வெறும் தூண்கள் விட்டுக் கட்டிய ஃபிளாட்டைப் பார்த்தபோது, "தைரியமா வாங்கு, அப்பாவே சொல்லிட்டார்" என்றது மாமிதான். டூர் போயிருந்த ராமமூர்த்தி திரும்பி வந்து, குலுக்கலில் முதலில் சரிவது இப்படிப்பட்ட கட்டிடம்தான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? மாப்பிள்ளை வாங்கினது பிடிக்கலேன்னா நேரா சொல்லுங்கோ" என்றார் மாமி. நுணலும் தன் வாயால் கெடும்.

போன குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை, பெரிய உறுமலோடு கட்டிடமே குலுங்கியது. எல்லோரும் கீழே ஓடிவந்தோம். ராமமூர்த்தி போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார்:

"ஸ்ம்ருதி, கொழந்தையத் தூக்கிண்டு கீழ எறங்கு!"

"தூங்கறதுப்பா. சின்னதுதானே? நல்லதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

அவள் போனை வைத்துவிட்டாள். நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் வீட்டில் விளக்குகூட எரியவில்லை.

"மாமி வரலையா சார்?"

"கூப்பிட்டேன், திரும்பிப் படுத்துண்டுட்டா" என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரே தொடர்ந்தார்: "பயம் இருந்திருந்தா எறங்கியிருப்பா. அதை நான்தானே போக்கினேன்."