பழனியப்பனின் ழகரங்கள்

முதியோர் கல்வி மாலை வகுப்புக் குழுவிலிருந்து செல்போனில் ஒரு செய்தி வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். ப, ழ, னி. 'பழனியப்பன்' என்று முழுப்பெயரும் பிடிபட்டதும், யாரையும் கேட்காமல் படித்துவிட்டேனே என்று மகிழ்ந்தேன். அடுத்த சொல்லைக் கூட்டி முடிக்க நேரமாயிற்று. 'காலமானார்' என்றிருந்தது. அதுவரை எனக்கு அவர் உயிரோடிருந்தார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை நாமக்கல் லாரிப் பட்டறை பெயிண்டராகத்தான் தெரியும். லாரியின் பின்பலகையில் தமிழும் இங்கிலீஷும் அவ்வளவு அழகாக எழுதுவார். ஆனால் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. மாதிரியைப் பார்த்து அப்படியே வரைவார். இந்த வயதில் நானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ படித்தோம். நான் ஜவ்வரிசி ஆலையில் மூட்டை சுமந்தவன். என் எழுத்தும் மூட்டை போலவே இருக்கும்.

ஒருநாள் அவர் ஸ்டெல்லா டீச்சரிடம் கேட்டார்: "லாரி ஓனருங்க, 'சிமிலரா வேண்டாம், ஐடென்டிகலா வேணும்'ங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"சிமிலர்னா சாயல் இருந்தாப் போதுங்க ஐயா. ஐடென்டிகல்னா அச்சு அசல். இம்மி மாறக்கூடாது."

அன்று டீச்சர் கரும்பலகையில் 'மழை' என்று எழுதியிருந்தார். சாக்பீஸ் வழுக்கியதில் ழகரத்தின் வாலில் சின்ன இடைவெளி விழுந்திருந்தது. பழனியப்பன் தன் ஸ்லேட்டில் அந்த இடைவெளியையும் விடாமல் எழுதியிருந்தார்.

"ஏனுங்க பெயிண்டரே, டீச்சர் தும்முனா அதையும் எழுதுவீங்களா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "உன்னுது கோணலா இருந்தாலும் எழுத்தப்பா. நான் இன்னும் வரைஞ்சுட்டுத்தான் இருக்கேன். சாகறதுக்குள்ள ஒரு வார்த்தையாவது எழுதிப்போடோணும்."

அதன்பின், பார்த்து வரையக்கூடாதென்று, கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்காரத் தொடங்கினார். கை நகராது. பல மாலைகள் வெறும் ஸ்லேட்டோடு எழுந்து போனார்.

பிறகு ஒரு மாலை எழுதினார். இறந்துபோன மனைவியின் பெயர், 'அழகம்மாள்'. எந்த லாரிக்காரரும் அவரை அந்தப் பெயரை எழுதச் சொன்னதில்லை. பார்த்து எழுத மாதிரியே கிடையாது. ழகரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. கீழே இன்னொருமுறை எழுதினார். அது மறுபக்கம் சாய்ந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா, ரெண்டும் ஒண்ணாட்டமே இல்லீங்களே?"

"ஆமாங்க ஐயா, சிமிலர்தான்."

"ரெண்டும் எங்கூட்டுக்காரிதானுங்களே?"

"அவங்களேதானுங்க."

ஸ்லேட்டை அழிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை சிரித்தபடி இருந்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, எதையும் பார்க்காமல் எழுதும் துணிச்சல். இதையும் அப்படித்தான், மெல்ல மெல்ல, எழுதுகிறேன். அச்சில் வரும்போது ழகரங்கள் எல்லாம் ஐடென்டிகலாகிவிடும். என் தாளில் அவர் பெயர் வரும் இடங்களில் ஒரு ழகரம்கூட இன்னொன்றைப் போல இல்லை. எல்லாம் அவர்தான்.