மடக்குக் கத்திகளுக்குச் சந்தனம்

போன வாரம் கரோல் பாக் மெட்ரோவில், பை சோதிக்கிற இளைஞன் என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். பைக்குள்ளிருந்து என் பேனாக்கத்தியை எடுத்து, "அங்கிள்ஜி, இது எதுக்கு?" என்று ஹிந்தியில் கேட்டான். ஆப்பிள் நறுக்க என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. நகத்தால் நெம்பித் திறந்தான், மூடினான். டக் என்றது. அவன் முகம் இளகிவிட்டது. எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுக்க, இன்னொரு தடவை திறந்து மூடினான். "அச்சா சாக்கு ஹை," நல்ல கத்திதான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்த டக் சத்தத்துக்காகவே நான் பாதி ஆயுளைச் செலவழித்தவன். சிரிக்காதீர்கள். ஊரில் ஒவ்வொருவரும் தபால்தலை, பழைய நாணயம் என்று சேர்த்தபோது நான் கிழட்டு மடக்குக் கத்திகளைச் சேர்த்தேன். டெல்லி செங்கோட்டைக்குப் பின்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாவியில்லாத பூட்டுகளுக்கும் மூக்கு உடைந்த கெட்டில்களுக்கும் நடுவில் அவை வாயைத் திறக்காமல் கிடக்கும். எருமைக்கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, ராம்பூரிலிருந்து வந்த நீளக் கத்தி. வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கறுப்பு அழுக்கைக் கரைத்து, உப்புத்தாளால் துருவை மெல்ல மெல்ல எடுத்து, கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் எத்தனையோ வருஷம் ஊமையாக இருந்தது டக் என்று பேசும். அந்த நிமிஷத்தில் எனக்கு எதற்கென்று தெரியாமல் கண் கலங்கும்.

அப்போது கரோல் பாக்கில் ஒரு பஞ்சாபி வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறை எனக்கு. பர்சாத்தி என்பார்கள். அறை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. சோறுகூட அப்படித்தான் மணக்கும். ஆனால் நவராத்திரி சமயத்தில் தெருவோரத்து ஏழிலைப்பாலை மரங்கள் பூத்துவிடும். சாயங்காலமானால் அந்தக் கிறக்கமான வாசனை மாடியேறி வந்து மண்ணெண்ணெயைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் அந்தப் பூ மணம் வந்தால் எனக்கு ஒரு அரைப் பைத்தியம் பிடிக்கிறது. கோமதிதான் காரணம்.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். அந்த நவராத்திரியில்தான் அவர்கள் வீட்டுக் கொலுவில், பெண் பார்ப்பது என்ற பெயரில்லாமல், பார்த்துவிட்டு வந்திருந்தேன். சுண்டலை என் கையில் கொடுத்துவிட்டு, "ஸ்பூன் வேணுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் டெல்லியில் எனக்கு என்ன வேலை என்று தோன்றிவிட்டது. அவளுடைய அப்பாவின் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு ஆயுதம் பேனாதான். எனக்கோ பக்தி முற்றிவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் ஹிந்திப் பேப்பரை விரித்து, எல்லாக் கத்திகளையும் திறந்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டி முடிக்கவும் படியில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. கோமதியின் அப்பா. பின்னால், கடைவீதிப் பையோடு கோமதி.

"சொல்லாமக் கொள்ளாம வந்தாத்தாம் தம்பி ஆளு தெரியும்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். விரித்த கத்திகள், நுனியெல்லாம் சிவப்பு.

"எதுக்குத் தம்பி இம்புட்டுக் கத்தி வச்சிருக்கீய?"

"சேர்க்கறேன் சார்."

"யாருக்கு?"

எனக்குத்தான் என்றேன். அதைவிட மோசமான பதில் இருந்திருக்க முடியாது.

"மொதல்ல எடுத்து உள்ள வையிங்க. பொம்பளப் பிள்ள நிக்கா."

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் அது மீற முடியாத சட்டம். வருங்கால மாமனார் இட்ட முதல் கட்டளைக்கே, "நாளைக்குக் காலம்பறதான் சார் எடுக்கலாம்," என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். சம்பந்தம் படியிறங்கிப் போவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"அப்பா, ரவுடின்னா சந்தனம் வைப்பாரா?" என்றாள் கோமதி.

"வைப்பாம்ட்டி. அவனுக்கும் அதுதான தொழிலு?"

அவள் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் ஒரு கொம்புப்பிடிக் கத்தி வெறுமையாக இருந்தது. "இத விட்டுட்டீங்களே," என்று சொல்லி, விரலைக் கிண்ணத்தில் தொட்டு அதற்குச் சந்தனம் வைத்தாள். பிறகு குங்குமம். தூரத்தில் ராம்லீலா ஒலிபெருக்கி எதையோ பாடிக்கொண்டிருந்தது. அவர் மகளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவளே பொட்டு வச்சுட்டா. இனி நான் என்னத்தச் சொல்ல," என்று கட்டிலில் உட்கார்ந்தார். "காப்பித்தூள் இருக்கா தம்பி?"

மறுநாள் பார்த்தால் பொட்டு வைத்த இடமெல்லாம் துரு. பழைய இரும்பு ஈரச் சந்தனத்தைத் தாங்குமா? முழுநாளும் பாடிக்கொண்டே தேய்த்தேன்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அவள்தான் வைப்பாள். "கோமதி, ஈரம், ஈரம்!" என்று நான் கத்துவேன். "தொடைச்சுக்கிடுங்க. உங்களுக்கும் ஒரு வேலை வேணும்லா," என்பாள்.

கிட்வாய் நகரின் அந்தப் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு உயர உயரமாகக் கட்டிவிட்டார்கள். மண்ணெண்ணெய் இந்த ஊரில் கிடைப்பதில்லை. பர்சாத்தி இருந்த இடத்தில் மாடிக்கு மேல் மாடி. இவற்றுக்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்பட்டதில்லை. கோமதியும் போய்விட்டாள்.

அவள் கடைசியாகப் பொட்டு வைத்த வருஷம், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் கத்திகளைத் துடைக்கவில்லை. எல்லாம் முடிந்து ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் வட்டமாக, அவள் விரல் அளவுக்குத் துரு. மற்றவற்றை எப்படியோ தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டேன். ஒன்றில் மட்டும் கை ஓடவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் பரவுகிறது. தேய்த்தால் பொட்டு போய்விடும், விட்டால் கத்தி போய்விடும். இந்த மழைக்காலத்திலும் உப்புத்தாளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வட்டத்தைச் சுற்றி மட்டும் எண்ணெய் தடவி மூடி வைத்தேன்.