உள்ளூரில் தெரிந்தவர்

எதிர் ஃபிளாட் சேச்சி ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டம் பகுதிக்கு வேலைக்குக் கிளம்பும்போது தினமும் என்னைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்னு லீவாணோ?" மூன்று வருடமாக நானும் "வீட்டிலாணு ஜோலி சேச்சி" என்கிறேன். இன்னும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மலையாளத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவள் நான். காலை ஒன்பதிலிருந்து காதுக்குள் ஒரு குடும்பமே சண்டை போடும், சமாதானமாகும், கல்யாணம் செய்துகொள்ளும். ஹெட்ஃபோனைக் கழற்றினால் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான். பாளையங்கோட்டை வீட்டில் ஐந்து நிமிடத் தனிமை கிடைக்காதா என்று ஏங்கியவள், இப்போது இந்த மலையாள ஊரில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரை நிறுத்திவைத்துப் பேசுகிறேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

போன மாதம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டு உரிமையாளர் ஒரு படிவத்தை நீட்டினார். வெளியூர் வாடகைக்காரர்களைப் பற்றிப் போலீசுக்குக் கொடுப்பது. அதில் 'உள்ளூரில் தெரிந்தவர்' என்று ஒரு கட்டம். திங்கட்கிழமைக்குள் நிரப்பித் தராவிட்டால் வீடு வேறு ஆளுக்கு என்றார். ஆபீஸ் போகிறவர்கள் மேலாளர் பெயரை எழுதிவிடுவார்கள். என் மேலாளர் மும்பையில் இருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி. எதிர் ஃபிளாட் சேச்சியிடம் போய் நின்றேன். "எனிக்கு மோள்டெ பேரு கூடி அறியில்லல்லோ" என்றார். உண்மைதான். அவர் பெயரும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைகளில் மானவீயம் வீதிக்குப் போவது என் வழக்கம். டீயும் கிட்டாருமாக இருக்கும் அந்தத் தெருவில், உலக விஷயம் பேச ஐந்தாறு பேர் கூடுவோம். அந்தச் சனிக்கிழமை ஒருவர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் எல்லோரையும் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டைக் கட்டியவர்கள், பொரோட்டா போடுகிறவர்கள், அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு காகிதமா? குற்றம் நடக்கும் முன்பே சந்தேகப்படுகிற வேலை இது என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சூட்டிலேயே படிவத்தை எடுத்துக் காட்டினேன். எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டிய பையன், "தெற்றித்தரிக்கல்லே சேச்சி, போலீஸ் காரியமல்லே" என்று டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தப்பாக நினைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு எழுந்தேன். நடக்கும்போது அழுகை வந்தது.

மிச்சம் இருந்தவர் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் தோசை சுடும் இசக்கியண்ணன் ஒருவர்தான். சங்கரன்கோயில் பக்கத்துக்காரர், இங்கே வந்து எட்டு வருடம். வெளியூர்க்காரி என்று தெரிந்தால் இளக்காரம் என்று நான் தெருவில் மலையாளம் கலந்தே பேசிப் பழகிவிட்டேன், அவரிடம்கூட. அன்றைக்குத்தான் வீட்டுத் தமிழ் வந்தது.

"அண்ணே, ஒரு ஃபாரத்துல உள்ளூர் ஆளுன்னு உங்க பேரப் போட்டுக்கிடட்டா?"

அவர் தோசையைத் திருப்பாமல் என்னைப் பார்த்தார். "நான் எங்க உள்ளூரு, அக்கா? எனக்கே ஒரு ஃபாரம் கேட்டாங்க. உங்க பேரைத்தான் போன வாரம் குடுத்தேன். ஆர்டருக்கு எழுதி வச்ச நம்பர் இருந்துச்சு."

"என் பேரையா?"

"இந்த ஊர்க் கோட்டைக்குள்ள தலைமுறையா இருக்காங்கள்லா, அந்தத் தமிழ்க்காரங்கன்னுல்லா உங்கள நெனச்சேன். கேக்காமக் குடுத்தது தப்புதான்."

பாளையங்கோட்டை என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். தோசை கருகிவிட்டது. "எம்பேரையும் போட்டுக்கோங்க. யாரு கேட்டாலும் தெரியும்னு சொல்லுதேன்" என்று அடுத்த மாவை ஊற்றினார்.

திங்கட்கிழமை அவர் பெயரோடு படிவத்தைக் கொடுத்தேன். புதன்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு போன் வந்தது. இசக்கிமுத்துவைத் தெரியுமா என்று மலையாளத்தில் கேட்டார்கள். தெரியும் என்றேன். நீங்கள் இந்த ஊர்தானே என்றார்கள். "அதே" என்று மலையாளத்தில் ஆமாம் போட்டேன், கொஞ்சமும் யோசிக்காமல். என்ன உறவு என்றதும், "அண்ணன்" என்று வாயில் வந்துவிட்டது.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். அண்ணன் தமிழ்நாடு, தங்கை மட்டும் இந்த ஊர், அது எப்படி என்றார் அவர்.

"அப்படித்தான் சார்" என்றேன். அதை எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.