கன்னியப்பன் அண்ணனும் எட்டாவது உறையும்

என் மகன் ரவிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கார்த்திக் பெங்களூரில் இன்ஜினியர். தினமும் காலை ரயிலில் போய்ப் பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிறான், ஒரு நாளும் வண்டியைத் தவறவிட்டதில்லை. அடுத்தவள் ப்ரியா நர்சிங் முடித்து முதல் தேர்விலேயே வேலை வாங்கிவிட்டாள். கடைக்குட்டி நிஷா மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள், கன்னடக் கட்டுரைக்கும் பரிசு வாங்கினாள். இவர்களைப் பெற்ற ரவி பாலிடெக்னிக் படித்து, தொழிற்சாலையில் சார்ஜ்மேன் வரை உயர்ந்தவன். வழியில் யாரைப் பார்த்தாலும் இதையெல்லாம் நான் சொல்வேன் என்பது எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் உள்ள எல்லாருக்கும் தெரியும். கன்னியப்பன் அண்ணன்தான் கடைசிவரை கேட்பார். "செரிமா, அப்பறம்?" என்பார்.

போன மாதம் ப்ரியாவுக்கு வேலை உத்தரவு வந்த அன்று, மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கக் கிளம்பினேன். மைசூர் மைன்ஸ் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் மகள் செல்வி போன் செய்தாள்.

"அத்தே, அப்பா போயிட்டாரு."

பெட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கையோடு கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டே அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"நல்ல மனுசன்தான். அந்தத் தோல் விசயத்துலதான் ஏமாத்திட்டாரு."

"ஆமா. ஒருத்தன் காலே போச்சே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடமாக நான் அப்படித்தான் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். ஐந்தாவது வரை படித்த கை எழுதுகிற இந்தக் கடிதம் அந்த இரண்டு பேருக்கும், அவர்களைப் போல நினைத்துக்கொண்டிருக்கிற உங்கள் எல்லாருக்கும்தான்.

அண்ணன் துப்பாக்கி உறை செய்பவர். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் நடந்த காலத்தில் அதன் காவலர்களுக்குச் செய்தார். வெளியூர்த் தொழிற்சாலைக் காவலர்களுக்கும் செய்தார். என் வீட்டுக்காரர் நெஞ்சில் சுரங்கத் தூசியோடு போய்ச் சேர்ந்த வருடம், அண்ணன் பட்டறையில் தைக்கப் போனேன். முதல் நாள் ஒரு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்துக் கொடுத்தார். ஒரே துளையில் ஒரு ஊசி இந்தப் பக்கமிருந்தும் இன்னொன்று அந்தப் பக்கமிருந்தும் போக வேண்டும். "ஒரு தையல் அறுந்தா பக்கத்து தையல் புடிச்சிக்கும்மா. மிசின் தையல் அப்டி இல்ல, ஒண்ணு போனா வரிசையா போயிடும்" என்றார். நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்துத் தேய்த்து என் விரலில் விழுந்த கோடு இன்னும் இருக்கிறது.

அவரிடம் தேக்கில் செதுக்கிய மரத் துப்பாக்கிகள் இருந்தன. ஆம்பூரிலிருந்து வரும், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, மரத் துப்பாக்கியின் மேல் போர்த்தி, வழவழப்பான எலும்புத் துண்டால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுப்பார். நிழலில்தான் காய வேண்டும். காய்ந்ததும் அந்தத் தோல் துப்பாக்கியை மறக்காது. பிறகு மரத் துப்பாக்கியை உறைக்குள் போட்டுக் கவிழ்த்து உதறுவார். "தலகீழா புடிச்சா வுழக் கூடாது, இழுத்தா நிக்கக் கூடாது. அவ்ளோதான் நம்ம வேல" என்பார்.

ஒவ்வொரு உறையின் உள்பக்கத்திலும் எண் எழுதுவது என் வேலை. பட்டறையில் வேலை பார்ப்பவர்களில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அவர் எல்லாரிடமும் சொல்வார். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ரவிக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. பதினொரு மணிக்குள் நான் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அன்று காலைக்குள் எட்டு உறை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால், இரண்டு நாள் முன்பே வெட்டத் தொடங்கினேன். ஏழோடு பட்டைத் தோல் தீர்ந்தது. மூலையில் கைப்பைக்காக வாங்கி வைத்திருந்த கறுப்புத் தோல் கிடந்தது. அது மருந்தில் பதனிட்ட குரோம் தோல். மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வெட்டினால் தெரியும். பட்டைத் தோல் உள்ளே பழுப்பாக இருக்கும், குரோம் தோலின் நடுவில் நீலம் ஓடும்.

நான் வெட்டினேன். நீலம் தெரிந்தது. விளிம்பில் கறுப்புச் சாயம் பூசி, மெழுகு வைத்துத் தேய்த்து மறைத்தேன். ஊறவைத்து அழுத்தியபோது தோல் பாதி வடிவம்தான் எடுத்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது. கவிழ்த்துப் பார்க்காமலே உள்ளே எட்டு என்று எழுதினேன்.

ரவியைச் சேர்க்கப் போகிற அன்று காலை அண்ணனுக்குக் காய்ச்சல். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

"எல்லாத்தையும் கவுத்துப் பாத்தியாமா?"

"பாத்தேண்ணா."

"எட்டும்?"

"எட்டும்தாண்ணா."

"அப்ப இன்னா நின்னுக்கினு இருக்க? புள்ளைய இட்டுனு போ. மொத நாளே லேட்டா போனா வாத்தியாரு மொறச்சிப் பாப்பான்."

நான் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து, பூதிகோட்டையைச் சேர்ந்த நாராயணப்பா என்ற காவலர் தான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேட்டில் கீழ்த் தாழ்ப்பாளைத் திறக்கக் குனிந்தார். உறையின் வார் தளர்ந்து பொத்தான் கழன்றிருந்தது. ரிவால்வர் நழுவிச் சிமெண்டில் விழுந்து வெடித்தது. குண்டு முழங்காலில் பாய்ந்தது. காலை எடுத்துவிட்டார்கள்.

போலீஸ்காரர்கள் அந்த உறையோடு பட்டறைக்கு வந்தார்கள். அண்ணன் அதை வாங்கி, உள்ளே திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் சுரண்டினார். நான் அவர் பின்னால் கையில் ஊசியோடு நின்றேன்.

"இதை யார் தைத்தது?" என்று கேட்டார்கள்.

"நான்தாங்க" என்றார்.

"தோலை வெட்டியது?"

"அதுவும் நான்தாங்க. தோலு பத்தல. தப்பு பண்ணிட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் அவரை அழைத்துப் போனார்கள். அன்று என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பட்டறைய மூடிட்டு வூட்டுக்குப் போமா. புள்ள பசியோட வருவான்."

வழக்கு, அபராதம் எல்லாம் முடிந்து வந்தபோது உறைக்கு ஆள் வரவில்லை. பெல்ட், நாய்ப் பட்டை, பள்ளிப் பை என்று தைத்தார். செல்வியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "துப்பாக்கி வுழுந்த வூட்டுப் பொண்ணு" என்று சொல்லியனுப்பினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு அதே பட்டறையில்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்ப்பேன். கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

ஒரு நாள் நாராயணப்பாவைப் பட்டறைக்கே கூட்டி வந்தார். வெட்டிய காலுக்கு மாட்டும் செயற்கைக் கால் பொருந்தாமல் புண் ஆகியிருந்தது. அதற்குள் மாட்டிக்கொள்ளத் தோல் உறை ஒன்று செய்ய, காலின் அளவுக்கு மரத்தில் செதுக்கி, அதன் மேல் பட்டைத் தோலை ஊறவைத்துப் போர்த்தி, உறைக்கு எடுப்பது போலவே வடிவம் எடுத்தார். காய்ந்ததும் என் மடியில் வைத்தார்.

"இத நீ தையி" என்றார். அவ்வளவுதான்.

மூன்று நாள் தைத்தேன். அதன் பிறகு தேய்ந்துபோன ஒவ்வொரு முறையும் அவர்தான் வடிவம் எடுப்பார், நான்தான் தைப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் செல்வி துணியில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தாள். "பொட்டில இருந்துச்சி அத்தே. யாரு தொட்டாலும் திட்டுவாரு. உங்க கிட்டதான் குடுக்கணும்னு சொல்லி வெச்சிருந்தாரு. இன்னா துண்டு இது?"

உள்ளங்கை அகலத்தில் ஒரு தோல் துண்டு. சாயம் சுரண்டிய விளிம்பில் நீலம். உள்பக்கம் என் கையெழுத்தில் எட்டு. வழக்கு முடிந்து உறை திரும்பி வந்தபோது வெட்டி எடுத்து வைத்திருக்கிறார், வேறு யார் கையிலும் கிடைக்கக் கூடாது என்று. முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும்.

அன்று செல்விக்கு நான் பதில் சொல்லவில்லை. முதலில் ரவியிடம் சொன்னேன். "என்னைச் சேத்த அன்னிக்காமா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். மேலே நான் எழுதிய பெருமைகள் எல்லாம் அந்தக் காலையில் தொடங்கியவை.

பிறகு ரவியோடு பூதிகோட்டைக்குப் போனேன். நாராயணப்பா முழுவதும் கேட்டார். தோல் துண்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கன்னியப்பா மேல பத்து வருசம் கோவப்பட்டு முடிச்சிட்டேன்மா. இப்ப வந்து நீங்கன்னா, உங்க மேல மொதல்லேர்ந்து ஆரம்பிக்க எனக்கு வயசில்ல" என்றார். நாங்கள் கிளம்பும்போது அவர் எழுந்து நிற்கவில்லை. நான் மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

நேற்று செல்வியிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அது அவள் நியாயம்.

தோலில் ஏமாற்றியவர் கன்னியப்பன் அண்ணன் இல்லை. நான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் துண்டு. அதை வைத்துக்கொள்கிறேன், மறைத்து வைக்க மாட்டேன்.

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படம் ஒன்று போட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் எடுத்தது, போர்வை கையை மூடியிருக்கிறது. அதன் கீழே கார்த்திக் அனுப்பும் புதுப் படத்தையும் போடுங்கள். அதில் அண்ணனின் மரத் துப்பாக்கி இருக்கிறது. பக்கத்தில், எண் தெரிய அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நான் இருக்கிறேன். "கை மட்டும் போதுமா ஆயா, மூஞ்ச கட் பண்ணிடவா?" என்று பேரன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். முழுதாகவே போடுங்கள்.