எட்டாத கேபிள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்டதில் மலிவாக வாங்கிய மோட்டார் சைக்கிள். குனிந்து ஓட்டி முதுகு வலித்ததால், கைப்பிடியை நாலு விரற்கடை உயர்த்தினேன்.

"கேபிளெல்லாம் எட்டுமா?" என்றாள் மனைவி.

கைப்பிடியை நேராக வைத்தே ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சோதித்துவிட்டு, "உனக்கென்ன தெரியும்?" என்று கிளம்பினேன்.

சாந்தோமில் ஒரு சந்துக்குள் இடப்பக்கம் திருப்பியதும் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு, வண்டி தானே பாய்ந்தது. எதிரே மீன்கூடையோடு ஓர் அம்மாள். அவரை இடிக்காமல் விலகி, சுவரில் மோதி விழுந்தேன். வண்டிக்கடியில் கால் மாட்டிக்கொண்டது. கைப்பிடி திரும்பியே கிடந்ததால் என்ஜின் அலறியது. சுழலும் பின்சக்கரம் முழங்காலை உரசப் பார்த்தது. அசைய வழியில்லை.

அப்போதும், "வழியில நிக்கிறியே!" என்று அவரைத்தான் திட்டினேன்.

"காலு மாட்டியும் வாயி மாட்டல பாரு நைனா!" கூடையை இறக்கியவர், விறைத்து நின்ற கேபிளைப் பார்த்துக் கைப்பிடியை நேராக்கினார். அலறல் அடங்கியது. வண்டியைத் தூக்கிப் பிடித்தார், காலை உருவிக்கொண்டேன்.

"இம்மாம் இஸ்துக்கினு கீதே, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கலியா?"

நொண்டிக்கொண்டே வீடு வந்து, மனைவியிடம் சொன்னேன்: "காலையில கேட்டியே, எட்டல."