முப்பத்தோராவது தாள்

சென்ற ஆண்டு, மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது. மலேசியாவில், குளுவாங்கிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில், நாங்கள் இருபத்திரண்டு குடும்பங்கள் வாழ்கிறோம். வேலை பார்த்த தோட்டம் கைமாறியபோது கூட்டாக நிலம் வாங்கி வந்தவர்கள். காய்கறி, வாழை, ஆடு, சமைக்கச் சாண எரிவாயு எல்லாம் எங்களுடையதே. விளைந்ததை ஆறு கிலோமீட்டர் மண்சாலையில் வியாபாரியின் லாரி நிற்கும் முச்சந்திக்குக் கொண்டுபோக மட்டும் நல்ல வண்டி இல்லை. இருந்த பழைய வேன், ஓடியதைவிடப் பெட்ரோல் குடித்ததுதான் அதிகம்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். சிங்கப்பூரில் பொறியாளர். சனிக்கிழமைதோறும் எல்லைப் பாலம் தாண்டி வருவாள். பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தை வைத்து மூன்று சக்கர வண்டி செய்யலாம், நூற்றைம்பது கிலோ சுமையோடு ஒரு லிட்டர் பெட்ரோலில் நாற்பது கிலோமீட்டர் ஓடும் என்றாள். வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்றாள். எங்கள் பழைய தோட்டத்தில்தான் பிறந்தாளாம். நான் அங்கே முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். காலைப் பெரட்டு வரிசையில் நான் எண்ணிய ஆட்களில் அவள் அப்பாவும் ஒருவராம். எனக்கு அவரை ஞாபகமில்லை. அதுவே முதல் சந்தேகம்.

"எல்லாத்தையும் சும்மா கொடுத்தா உனக்கு என்னம்மா மிச்சம்?" என்று கேட்டேன்.

"தப்பு இருந்தா சொல்லுங்க ஐயா, அது போதும்" என்றாள்.

இப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நிலத்தில் கண்ணாக இருக்கலாம். எங்களைப் படம் பிடித்து எங்காவது பரிசு வாங்கலாம். நாளைக்கே வரைபடத்தைத் திருடினோம் என்று வழக்குப் போடலாம். இரவெல்லாம் இதே யோசனை.

எங்களில் ஒருவர் வெல்டர். கேட், கிரில் செய்வதில் கெட்டிக்காரர். ஆனால் வண்டி செய்தது அதுவே முதல் தடவை. அவள் அச்சடித்துத் தந்த தாள்களைக் கொட்டகையில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். ஒரு புதன்கிழமை அவர் சாப்பிட்டு மதியத் தூக்கம் போடப் போனதும், நான் எல்லாத் தாள்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். பின்னால் வம்பு வந்தால் கையில் ஆதாரம் வேண்டுமே!

நகல் எடுக்கும் கடையில் நானே ஒவ்வொரு தாளாக இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்து எடுத்தேன். நகல்களை எண்ணினேன், முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன், முப்பத்தொன்று. அசலையும் நகலையும் அள்ளிக்கொண்டு வெளியே வரும்போது கடைக்காரச் சீனர், "அங்கிள்! அங்கிள்!" என்று கூப்பிட்டார். இது என்ன படம் என்று விசாரிக்கப் போகிறார் என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டேன். வெல்டர் திரும்புவதற்குள் அசலை மறுபடி கயிற்றில் மாட்டினேன்.

அடுத்த வாரம் பின்சக்கரங்கள் ஏறின. வெல்டர் தலையைச் சொறிந்தார். "கிராணி ஐயா, நட்டு கழலாம இருக்க குறுக்கே ஒரு பின் போடணும்னு தோணுது. தாள்ல காணோமே?"

"தாள்ல இல்லன்னா போடாதீங்க. நம்ம கை வேலை எதுவும் சேரக்கூடாது. அப்புறம் ஏதாவது ஆனா நம்ம தலையிலதான் கட்டுவாங்க."

அதோடு விட்டேனா? சனிக்கிழமை அவள் முன்னால் ஓட்டினால் பெட்ரோல் அளவில் ஏதாவது செய்துவிடுவாள் என்று வெள்ளிக்கிழமை காலையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தொட்டியில் குச்சி விட்டு நானே அளந்தேன். பதினான்கு வாழைக்குலைகளை நிறுத்து ஏற்றினேன். தொண்ணூற்றெட்டு கிலோதான் வந்தது. நூற்றைம்பது வேண்டும்.

"நான் ஐம்பத்திரண்டு. நான் ஏறிக்கிறேன்" என்று என் மனைவி குலைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். "இந்த ஒரு கணக்காவது சரியா வரட்டும் லா" என்று சிரித்தாள்.

வெல்டர் ஓட்டினார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். நான்காவது கிலோமீட்டரில், இறக்கத்தில், இடது பின்சக்கரம் தனியாகக் கழன்று என் கண்ணெதிரே உருண்டு போனது. வண்டி தோட்டத்து வாய்க்காலில் சாய்ந்தது. மனைவிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. குலைகள் கீழே இருந்ததால் தலை தப்பியது.

அங்கே நின்றபடியே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். எனக்கு முதலிலேயே தெரியும் என்று எத்தனை முறை சொன்னேன் என்று மட்டும் எண்ணவில்லை.

மறுநாள் மாலை மண்டபத்தில் கூட்டம். வண்டி வேலையை நிறுத்துவது, அவளை இனி வரவேண்டாம் என்பது என்று பேச்சு. அவள் கணினியைத் திறந்து கடைசி வரைபடத்தைக் காட்டினாள். அதில் அந்தப் பின் இருந்தது.

"எனக்கு வந்த தாள்ல இது இல்ல தங்கச்சி" என்றார் வெல்டர். கயிற்றில் இருந்ததை எண்ணினார்கள். முப்பது.

அவள் கயிற்றையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான்தான் அச்சடிக்காம விட்டிருப்பேன். என் தப்புதான்" என்றாள்.

என் நகல்கள் முப்பத்தொன்று. எழுந்து வீட்டுக்கு நடந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து நகல்களை எடுத்து எண்ணினேன். கடைசித் தாளில் அந்தப் பின். நகலை இரண்டு முறை எண்ணியவன், அசலை ஒரு முறைகூட எண்ணவில்லை.

கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த மனைவி, "என்ன எண்றீங்க?" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் காப்பி எடுத்தது வேறு யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

மறு கையால் வாசலைக் காட்டினாள். "அப்புறம் ஏன் இன்னும் இங்கேயே நிக்கிறீங்க?" என்றாள்.

மண்டபத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. தாள்களை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். வெல்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அலமாக்! ஊரையே எண்ணுவீங்க, இதை எண்ணலையா கிராணி ஐயா?" யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தாள்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "ஒரு தாள்லயும் நம்பர் இல்லையே ஐயா. இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். சீனர் அந்த அசல் தாளை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார். இயந்திரக் கண்ணாடிமேல் விட்டுவிட்டுப் போனேனாம். "கூப்பிட்டேன், அங்கிள் ஓடிட்டீங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை எல்லாத் தாள்களிலும் எண் ஏறியது. திருத்தப் பட்டியலில், கண்டுபிடித்தவர் குளுவாங் கிராணி என்று எழுதியிருந்தாள். தொலைத்தவர் என்று எழுதம்மா என்றேன். கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு திருத்தமும் என்னிடம் வந்துதான் இணையத்துக்குப் போகிறது. வண்டி ஓடுகிறது. லிட்டருக்கு முப்பத்தெட்டுதான், நாற்பது இல்லை. அதையும் எழுத வைத்தேன்.

போன மாதம் கிழக்கு மலேசியாவின் சபாவிலிருந்து முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். பதினேழாம் தாளில் போல்ட் மொத்தம் நாற்பத்தாறு என்று போட்டிருக்கிறது, படத்தில் நாற்பத்தெட்டு இருக்கிறது என்று. நான் சரிபார்த்த தாள். எனக்குக் கோபம் வந்தது. என்னைச் சந்தேகப்பட இவர் யார்? பிறகு எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு.

என் எண்ணிக்கையை நம்பாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்புதான், என் மனைவி அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் எனக்கு இருக்கும் தைரியம்.