ஒருசந்தி இருந்ததற்குப் பூட்டிய கதவு

ஆரோக்கியம், லூர்து, என் கண்ணுகளே! மழை அடித்தாலும் அண்ணன் ஏன் கதவைத் திறந்து வைத்தே தூங்குகிறான் என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்டதை அவனிடம் சொன்னேன். “எழுதுங்கப்பா, படிக்கட்டும்” என்றான். எழுதுகிறேன்.

நயா பைசா வந்த புதிது. நீங்கள் பிறக்கவில்லை. நான் சூரமங்கலம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்தோணிக்குப் பன்னிரண்டு வயது. தண்டவாளத்தோரம் சிந்திய கரியைப் பொறுக்கப் போனவனைப் போலீஸ் பிடித்தது. விசாரணை வரும்வரை சிறுவர் காப்பகத்தில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோர் போய்ப் பார்க்கலாம்.

அது பாஸ்குத் திருநாளுக்கு முந்திய தபசுகாலம். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே போனேன். வாசலில் காவலாளி தடுத்தார்.

“உம் பையனைப் பார்க்க முடியாது, போய்யா. வெள்ளிக்கிழமை சோத்தைத் தள்ளி வெச்சுட்டான். அவனைப் பார்த்து இன்னும் ரெண்டு பேரு தட்டைத் தள்ளிட்டானுங்க. மில்லு ஸ்ட்ரைக்குன்னு நெனப்பு! எங்கே, சங்கக் கொடியும் கொண்டாந்திருக்கியா?”

மூன்று பேரையும் ஆளுக்கொரு இருட்டறையில் பூட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து!

நம் வீட்டில் தபசுகால வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடியும்வரை சாப்பிடாமல் ஒருசந்தி இருப்போம். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியதிலிருந்து அவனும் இருப்பான். ஒருசந்தி இருப்பதை வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது என்று கோவில் உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் குழந்தை வாயைத் திறக்கவில்லை.

சொல்லிப் பார்த்தேன். கும்பிட்டேன். “கோர்ட்டுல சொல்லிக்க” என்றார் காவலாளி.

எங்கே போவேன்? யாரைத் தெரியும் எனக்கு? மதில் ஓரம் வெயிலில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தேன். விரலில் மணி நகரவில்லை. “மாதாவே, வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தக் கதவு மட்டும் திறக்கட்டும்.” இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகையும் வரவில்லை.

கழுநீர் கொட்டச் சமையல்கார அம்மா வெளியே வந்தார். பாவாயி என்று பெயர். ராசிபுரத்து நெசவுக் குடும்பம்.

“ஏனுங்க, வெயில்ல உக்காந்திருக்கறீங்க? உள்ளார இருக்கறது உங்க பையனுங்களா?”

சொன்னேன். குண்டானைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒருசந்திங்களா? அட சாமி! நானும் சஷ்டிக்கு இருக்கறவதானுங்க. ஒரு வார்த்தை சொல்லாம போச்சே அந்தப் புள்ள!”

விடுவிடுவென்று உள்ளே போனார். மதிலுக்கு இந்தப்பக்கம் அவர் குரல் கேட்டது.

“வேலை போனாப் போகுதுங்கய்யா. சோறு வேண்டாம்னா எதுக்குன்னு கேக்கறதில்லீங்களா? இருட்டுல போட்டுப் பூட்டறதுக்கு எந்தச் சட்டமுங்க இருக்குது? நம்ம ஊட்டுப் புள்ளைன்னா பூட்டுவீங்களா?”

பிறகு சாவி சத்தம் கேட்டது. என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்தோணி கையால் கண்ணை மூடிக்கொண்டு வந்தான். என்னைத் தொட்டுப் பார்த்து, “நான் யாருகிட்டயும் சொல்லலப்பா” என்றான்.

மாதா என் ஜெபத்தைக் கேட்டார். பாவாயி அம்மாவின் வாயால் கேட்டார். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன்: மற்ற இரண்டு பையன்களும் வெளியே வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களைப் பார்க்க வாசலில் யாரும் வந்திருக்கவில்லை. என் பிள்ளையை அணைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாலையில் மூவரையும் அங்கேயே விட்டுத்தான் திரும்பினேன்.

பாஸ்குவுக்குப் பிறகு கோர்ட்டில் எச்சரித்து அந்தோணியை அனுப்பினார்கள். அதற்குப் பின் இன்றுவரை ஞாயிறு பூசை முடிந்து நான் அங்கே போகிறேன். ஆள் வராத பையன்களின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். சில வாரம் விடுவார்கள், சில வாரம் துரத்துவார்கள். பிள்ளைகளே, கையாலாகாத நேரத்திலும் ஜெபியுங்கள். ஜெபித்துக்கொண்டே அந்த வாசலை விட்டு நகராதிருங்கள்.

நம் விறகறைக் கதவில் நாலு ஆணி ஓட்டை இருக்கிறதே, அதையும் கேட்டிருந்தீர்கள். அந்தோணி வீடு திரும்பிய மறுநாள், அவனும் அம்மாவும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். துருப்பிடித்த ஆணிகளுக்கு விளக்கெண்ணெய் விட்டு, இனி யாரும் வெளியிலிருந்து பூட்ட முடியாதபடி வெளித் தாழ்ப்பாளைக் கழற்றினேன். பின்பு உள்ளே போய், கதவைச் சாத்தி, இருட்டில் சற்று உட்கார்ந்திருந்தேன். தள்ளியதும் திறந்துகொண்டது.